பாக்கெட்டைத் திருப்பிப் பார்

விருதுநகர்,
மார்கழி 20.

அன்புள்ள மருமகள் கயல்விழிக்கு,

  

உன் கணவருக்கு, அதாவது நம் மாப்பிள்ளைக்கு, ஆபீசில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது, ‘பார்டரில் இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டை மாற்றுங்கள்’ என்று டாக்டர் சொன்னார் என்று நேற்று போனில் சொன்னாய். சொன்ன கையோடு, ‘போகியன்று அலமாரியில் இருக்கிற பாக்கெட்டை எல்லாம் அள்ளிக் குப்பையில் போடப்போகிறேன், சரிதானே மாமா?’ என்றும் கேட்டாய். இதற்குப் போனில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஆற அமர உட்கார்ந்து படி.

முதலில் பயத்தை விடு. அந்தக் கணக்கில் 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றது அது. மாப்பிள்ளை பெரிய கூட்டத்தில் ஒருத்தர். இங்கிருந்து திரும்பி வந்தவர்களும் நிறைய உண்டு.

அடுத்து உன் கேள்வி. எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போடாதே. ஒரே நாளில் காலியான அலமாரி ஒரே வாரத்தில் பழையபடி நிரம்பும். மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்த கூத்து இது. ஜனவரி முதல் வாரம் ஓட்ஸ், கிரீன் டீ, தேன் என்று கேட்டு வருகிறவர்கள், மாசி பிறக்கும் முன்னால் பழைய சாமான் லிஸ்ட்டோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வைராக்கியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்து எடுக்கவில்லை, எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

எதை எடுப்பது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். பாக்கெட்டில் வருவதெல்லாம் கெடுதல் என்று எடுத்துக்கொண்டால் அரிசியும் உப்பும்கூட வீட்டுக்குள் வர முடியாது. ரவையும் அவலும் பொட்டுக்கடலையும் ஆலையில் ஒரு வேலை நடந்து வந்தவைதான். பிரேசில் நாட்டில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோவும் அவருடைய குழுவும் உணவை நான்காகப் பிரித்தார்கள். அதற்கு நோவா என்று பெயர். முதல் வகை, அரிசி, பருப்பு, காய், பால், முட்டை மாதிரி அப்படியே வருவதும், காயவைத்து, உடைத்து, அரைத்து வருவதும். இரண்டாவது, எண்ணெய், சர்க்கரை, உப்பு என்று சமையலுக்குச் சேர்க்கிறவை. மூன்றாவது, முதல் இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஊறுகாய், கருவாடு, சாதா ரொட்டி போன்றவை. நான்காவதுதான் நாம் பார்க்க வேண்டியது. மாவு, எண்ணெய், சர்க்கரை இவற்றைப் பிரித்து, உருமாற்றி, மணமும் நிறமும் சேர்த்து ஆலையில் உருவாக்குகிறவை. இது உன் அடுப்படியில் நடக்காது. பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ், பவுடர் பானங்கள், குளிர்பானம், சூப் பொடி எல்லாம் இந்த வகை.

இந்த நான்காம் வகையை ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும்? கெவின் ஹால் என்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார். இருபது பேரை ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலை உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இட்லிக் கணக்கில் எட்டு, பத்து இட்லி. எடையும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியது. சமைத்த உணவு வாரங்களில் அதே அளவு இறங்கியது. ஆகவே, ‘எனக்கு வாய்க் கட்டுப்பாடு இல்லை’ என்று மாப்பிள்ளை தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டாம். மென்மையாக, சீக்கிரம் விழுங்கும்படி, வயிறு ‘போதும்’ என்று சொல்லும் முன்னால் தட்டு காலியாகும்படி இருக்கிற சாப்பாடு அது. அதை வாயில் தடுப்பதைவிட வாசலில் தடுப்பது சுலபம்.

அதற்குப் பாக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொள். முன்பக்கம் கம்பெனி சொல்ல ஆசைப்படுவது. பின்பக்கம் சட்டம் சொல்லவைப்பது. முன்பக்கத்தில் பச்சை இலை, பால் தெறிக்கிற படம், ஓடுகிற பையன் எல்லாம் இருக்கும். அதைப் பார்க்காதே. திருப்பிவிடு.

பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும், அடுத்தது அதற்குப் பின்னால் என்று இறங்குவரிசையில் போட வேண்டும் என்பது சட்டம். அந்த முதல் மூன்று பெயர்தான் அந்தப் பாக்கெட். மீதியெல்லாம் அலங்காரம். நம் வீடுகளில் டீக்கு வைக்கிற பிஸ்கட் ஒன்றை எடுத்துத் திருப்பு. மைதா, சர்க்கரை, பாமாயில் என்று ஆரம்பிக்கும். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பின்னால் ‘இன்வர்ட் சிரப்’ என்று வரும். அதுவும் சர்க்கரைதான். லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், கார்ன் சிரப் எல்லாம் அதே குடும்பம். ஒரே சர்க்கரையை நான்கு பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், சர்க்கரை முதலிடத்தில் தெரியாது. ‘ஆட்டா பிஸ்கட்’ என்று முன்னால் போட்டிருந்தால், பின்னால் கோதுமை எத்தனை சதவீதம், மைதா எத்தனை சதவீதம் என்று பார். பிரவுன் ரொட்டியிலும் இதே வேலைதான். நிறம் கேரமலிலிருந்தும் வரலாம்.

அடுத்தது சத்துக் கட்டம். அதில் ‘நூறு கிராமில்’ என்கிற வரிசையை மட்டும் பார். ‘ஒரு பரிமாறலில்’ என்று பக்கத்தில் இருக்கும் கணக்கில் இரண்டு பிஸ்கட்டுக்கு மேல் யாரும் சாப்பிடமாட்டார்கள். உன் வீட்டில் அப்படியா? ‘சேர்த்த சர்க்கரை’ என்று தனி வரி இருக்கும். ஐந்து கிராம் என்றால் ஒரு டீஸ்பூன். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஐந்து டீஸ்பூன். காபியையும் டீயையும் அதில் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்று பார்.

உப்புக்குச் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கு. 100 கிராம் நூடுல்ஸில் 1,000 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 700. உப்பாக ஒன்றே முக்கால் கிராம். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும். ஒரு சின்ன பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ராத்திரி ரசமும் ஊறுகாயும் இன்னும் பாக்கி.

உட்பொருள் பட்டியலில் வருகிற எண்களைக் கண்டு மிரளாதே. 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சம்பழத்தின் புளிப்பு. 300 வைட்டமின் சி. 500 நம் சமையல் சோடா. எண் போட்டதெல்லாம் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே. ஆனால் 621, 627, 631 என்று மூன்றும் கூடி வந்தால் அது சுவை கூட்டுகிற கூட்டணி. அதுவும் விஷமில்லை. ஆனால் அடியில் இருக்கிற பொருளுக்குத் தனக்கென்று ருசி கிடையாது என்பதற்கு அது சாட்சி.

இப்போது அலமாரிக்கு வா. போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாமானையெல்லாம் இறக்கி ஹாலில் பாயை விரித்துப் பரப்பு. நீ மட்டும் தனியாகச் செய்யாதே. மாப்பிள்ளையையும் உட்காரவை. பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்கிற வேலையைப் பேரனுக்குக் கொடு. எட்டு வயசுப் பையன் ‘சர்க்கரை’ என்கிற வார்த்தையை எத்தனை பாக்கெட்டில் கண்டுபிடிக்கிறான் என்று பார். நீ ஒரு மணி நேரம் புத்தி சொன்னாலும் வராத பலன் அதில் வரும்.

மூன்று குவியல் போடு.

முதல் குவியல், போக வேண்டியவை. தேதி முடிந்தது, காறல் அடிக்கிறது, பூச்சி விழுந்தது. பிறகு குளிர்பானம், ஜூஸ் டப்பா. ஜூஸ் பழத்திலிருந்து வந்ததுதானே என்று உன் மாமியார், நம் சம்பந்தியம்மா, கேட்பார்கள். அடர்சாற்றில் தண்ணீர் கலந்த பானத்துக்கு ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஜூனில் உத்தரவு போட்டது. அதைச் சொல். நிஜப் பழச்சாறாக இருந்தாலும் நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சியதுதான். பழத்தையே கொடு.

பாலில் கலக்குகிற பவுடர்களும் இந்தக் குவியலில்தான். இதில்தான் நீ தயங்குவாய் என்று தெரியும். பிள்ளை வளர வேண்டுமே என்கிற பயத்தை வைத்துத்தான் அது இத்தனை வருஷமாக விற்கிறது. டப்பாவைத் திருப்பு. பலவற்றில் சர்க்கரை முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்துவிடும். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி, அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை வைக்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு எழுதியது. பேரனுக்குப் பால் கொடு. இல்லையென்றால் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் கேழ்வரகும் வறுத்து அரைத்த சத்துமாவில் கஞ்சி காய்ச்சிக் கொடு.

இரண்டாம் குவியல், இருப்பதை முடித்துவிட்டு இனி வாங்காதவை. தக்காளி சாஸ், ஜாம், நூடுல்ஸ், சேமியா மசாலா, கார்ன் ஃபிளேக்ஸ், ரெடிமேட் சூப். காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. பிரிக்காமல், தேதி முடியாமல் இருப்பதை ‘ஏழைகள் சாப்பிடட்டும்’ என்று வேலைக்கு வருகிற அம்மாவின் கையில் திணிக்காதே. நமக்கு ஆகாதது அவர்கள் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? மெதுவாக முடியுங்கள். கடைசிப் பாக்கெட் தீர்ந்த அன்றைக்கு லிஸ்ட்டில் அந்தப் பெயர் வரக்கூடாது. அதுதான் விஷயம்.

மூன்றாம் குவியல், இருக்க வேண்டியவை. அரிசி, பருப்பு, பயறு வகைகள், ரவை, அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, எள், மிளகு சீரகம், புளி, எண்ணெய். கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடியில் மல்லி, மிளகாய், பருப்பு, மஞ்சள், பெருங்காயம் மட்டும் இருந்தால் அதுவும் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவள் எல்லாப் பொடியையும் மிஷினில் கொடுத்து அரைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இட்லி மாவையும் கடையில் வாங்கலாம். பின்னால் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு என்று இருந்தால் போதும். அதற்கு ஏன் குற்ற உணர்ச்சி?

நம் ஊர்ச் சரக்குக்கு மட்டும் தனிச் சலுகை கொடுக்காதே. அப்பளத்தில் உப்பும் அப்பளக்காரமும் கூடுதல். ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்பில் ஊறியவை. பாட்டி கைப்பக்குவம் என்பதால் ரத்தக் கொதிப்பு சும்மா விடாது. கடலை மிட்டாய் கோவில்பட்டியிலிருந்தே வந்தாலும் பாதி வெல்லம். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனதும் சர்க்கரைதான். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தாலும் அறிவித்தது, சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய முறுக்கு என்று ரேக் நிறைந்துவிட்டது. அதையும் திருப்பிப் பார். மைதா முதலில் நின்றால் தினை எங்கோ கடைசியில் கைகட்டி நிற்கும்.

இதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டமான பகுதி. காலியான தட்டு காலியாகவே இருக்காது. பாக்கெட் நம் வீட்டுக்குள் வந்தது ருசியால் மட்டுமில்லை, நேரத்தாலும்தான். ஆறரை மணிக்கு டிராஃபிக்கில் அடிபட்டு வருகிறாய். பையன் ‘பசிக்குது’ என்கிறான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க பத்து நொடி. சுண்டல் செய்ய முக்கால் மணி. இந்தப் பந்தயத்தில் எந்த உபதேசமும் ஜெயிக்காது. சுண்டலையும் பத்து நொடிக்குக் கொண்டுவந்தால்தான் ஜெயிக்கும்.

அதற்கு வழி உண்டு. சனிக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலையோ காராமணியோ ஊறப்போடு. ஞாயிற்றுக்கிழமை குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஃபிரிட்ஜில் வை. மூன்று நாள் இருக்கும். வேண்டும்போது கடுகு தாளித்து ஒரு புரட்டு. வேர்க்கடலையை வறுத்து, ஆறவைத்து, மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலில் போடு. சூட்டோடு மூடினால் வேர்த்து நமுத்துப்போகும். பொட்டுக்கடலை அப்படியே கைப்பிடி எடுத்துச் சாப்பிடலாம். தட்டை அவலை நனைத்தால் ஐந்து நிமிஷத்தில் ஊறும். வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை சேர்த்தால் ஒரு வேளைச் சிற்றுண்டி. பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் இருந்தால் சூடான சோற்றுக்கு அதுவே நம் இன்ஸ்டன்ட். இரண்டு முட்டை வேகப்போட்டால் நீ முகம் கழுவி வருவதற்குள் வெந்துவிடும்.

வைக்கும் இடத்திலும் யோசனை வேண்டும். கடையில் பிள்ளைகளின் கண் உயரத்தில் மிட்டாய்ப் பாட்டிலை வைப்போம். வாசலில் சிப்ஸ் சரத்தைத் தொங்கவிடுவோம். கம்பெனிக்காரர்களே ரேக்கைக் கொண்டுவந்து எந்தத் தட்டில் எது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கண்ணில் பட்டது கையில் வரும், கையில் வந்தது பையில் விழும் என்பது வியாபாரத்தின் பாலபாடம். அதே பாடத்தை உன் வீட்டில் நடத்து. பேரனின் கை எட்டும் தட்டில் வேர்க்கடலைப் பாட்டிலும், மேஜைமேல் வாழைப்பழமும் கொய்யாவும் இருக்கட்டும். மாப்பிள்ளைக்குக் கொய்யா நல்லது, வாழைப்பழம் பாதி போதும்.

பெரிய பாக்கெட் மலிவு என்று கிலோக் கணக்கில் வாங்காதே. கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகும். வேண்டியபோது கால் கிலோ அரைத்துக்கொள். தீட்டாத சிறுதானியத்தில் வண்டு சீக்கிரம் விழும். வேர்க்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது இருந்தால் பொறுக்கி எறி. ரவையை வெறும் வாணலியில் வறுத்து வைத்தால் பூச்சி வராது. பருப்பு டப்பாவில் நாலு வரமிளகாய் போட்டு வை. இதெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வாள்.

சம்பந்தியம்மா விஷயத்தில் ஒரு வார்த்தை. காலை காபிக்கு ரஸ்க் தோய்த்துச் சாப்பிடுகிற வழக்கம் அவர்களுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம் என்றாய். அதில் கைவைக்காதே. எழுபது வயசுக்காரியின் கையிலிருந்து ரஸ்க்கைப் பிடுங்கி நீ ஆரோக்கியம் வளர்க்க வேண்டாம். சின்ன பாக்கெட்டாக வாங்கி அவர்கள் அறையிலேயே வைத்துவிடு. மாறாக, சமையலில் அவர்கள் யோசனையைக் கேள். கேழ்வரகுப் புட்டு, உளுந்தங்கஞ்சி, எள்ளுப் பொடி என்று அவர்கள் கையில் இருக்கிற பாக்கெட் எந்தக் கடையிலும் கிடையாது. கேட்டு வாங்கினால் அந்தம்மா உன் பக்கம் நிற்பார்கள். ‘இனி இந்த வீட்டில் இதெல்லாம் கிடையாது’ என்று அறிவித்தால் பேரனுக்குத் திருட்டுத்தனமாக பிஸ்கட் வாங்கிக் கொடுக்கிற முதல் ஆள் அவர்களாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளைக்கும் வேலை கொடு. நோய் பார்டரில் இருப்பது அவருக்கு, பாடுபடுவது நீ மட்டும் என்றால் நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சுண்டலும் வேர்க்கடலை வறுப்பதும் அவர் பொறுப்பு. கையால் செய்தவனுக்குச் சாப்பிடவும் மனசு வரும்.

பேரனுக்குத் தடை போடாதே. பிறந்தநாள் வீட்டில் கேக் சாப்பிடட்டும், சினிமாவுக்குப் போனால் பாப்கார்ன் தின்னட்டும். நான் பொங்கலுக்கு வரும்போது சாத்தூர்ச் சேவு கொண்டுவராமல் இருக்கமாட்டேன். கால் கிலோதான் கொண்டுவருவேன், அன்றைக்கே எல்லோரும் உட்கார்ந்து தின்று காகிதத்தை எறிந்துவிடுவோம். இந்தப் பண்டங்கள் விருந்தாளியாக வந்துபோகலாம். அலமாரியில் குடியிருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் வீட்டில் போலீஸ் வேலை பார்க்க வேண்டிவராது.

இன்னொரு அலமாரி இருக்கிறது, அதை நீ கணக்கில் எடுக்கவில்லை. உன் கையில் இருக்கிற போன். எங்கள் காலத்தில் வீட்டில் பிஸ்கட் இல்லையென்றால் செருப்பு மாட்டித் தெருமுனை வரை போக வேண்டும். அந்தச் சோம்பலே பாதி நாள் காப்பாற்றும். இப்போது பத்து நிமிஷத்தில் டெலிவரிப் பையன் வந்து மணி அடிக்கிறான். அடுப்படியை ஒழித்துவிட்டு ஆப்பை விட்டுவைத்தால் ஒழித்ததற்கு அர்த்தமில்லை. நீ அடிக்கடி வாங்குவதையெல்லாம் அது ஞாபகம் வைத்து முதல் பக்கத்திலேயே நீட்டும். அந்த ‘மறுபடி வாங்கு’ பட்டியலை அழி. மாதச் சாமானைக் காகிதத்தில் எழுதி, வயிறு நிறைந்த நேரத்தில் ஒரே தடவையாக வாங்கு. லிஸ்ட்டில் இல்லாதது வேண்டுமென்றால் அடுத்த லிஸ்ட்டில் எழுதிக்கொள். பாதிக்கு மேல் அதற்குள் மறந்துபோகும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதை நம்பி வாங்காதே. இலவசமாக வந்ததையும் நம் வீட்டில்தானே தின்று தீர்க்க வேண்டும்?

அலமாரியைச் சரிசெய்துவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று கண்ணை மூடி நம்பிவிடவும் வேண்டாம். மலைபோலக் குவித்த வெள்ளைச் சோறும், ராத்திரி பத்து மணிக்கு ஐந்து தோசையும் பாக்கெட்டில் வரவில்லை என்பதற்காக நல்லதாகிவிடாது. சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்டச் சொல். சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் மொட்டைமாடியில் பத்து நிமிஷம் நடக்கச் சொல். மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். தவறாமல் எடுங்கள். நான் மளிகைக்காரன், டாக்டர் சொல்வதுதான் முடிவு.

செலவு கூடுமா என்று கேட்டாயே. முதல் மாதம் பாட்டில், டப்பா என்று கொஞ்சம் கூடும். அப்புறம் கணக்குப் போட்டுப் பார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டில் விலை அப்படியே நிற்கும், உள்ளே இருக்கிற கிராம் அவ்வப்போது இளைக்கும். அதைக் கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றினால் வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் எவ்வளவு மலிவு என்று உனக்கே தெரியும். வியாபாரத்தில் இருந்தவரை இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீயாவது கேட்டாயே.

தை மாதக் கடைசியில் எனக்கு ஒன்றே ஒன்று அனுப்பு: மளிகை ரசீது. கடை ரசீதும் வேண்டும், ஆப்பில் வாங்கிய கணக்கும் வேண்டும், இரண்டையும் ஒளிக்காமல் அனுப்பு. எதைச் சாப்பிட்டீர்கள் என்று நான் விசாரிக்கப்போவதில்லை. எது உள்ளே வந்தது என்று பார்த்தால் போதும். எதை மறுபடி வாங்கியிருக்கிறாய் என்று பார்த்து, அதற்குப் பதில் எதை வைக்கலாம் என்று அத்தையும் நானும் யோசித்து எழுதுகிறோம். மாசி ரசீது அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் சரியான வழியில்தான் போகிறாய்.

 

அன்புடன்,
உன் மாமா